ஜப்பான் தளபதிக்குக் கங்காணியின் முகம்

மச்சான், எவரும் நம்பவே மாட்டாத ஒரு கதையை உனக்கு எழுதப்போகிறேன் என்று கண்டி வாவி சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டதால் மறுத்துப் பேச ஆளில்லை. எனக்கு அது பெரிய வசதி.

இன்று கட்டுகஸ்தோட்டைக் தேநீர்க் கடையொன்றில் என் கை பட்டு, கோப்பையிலிருந்த சாயத்தண்ணி வெள்ளைத்தாளில் கொட்டிப் பரவியது. அந்தக் கபில நிறத்தைக் கண்டதும் உன் பர்மாச் சண்டை டயரி கண்முன் வந்து நின்றது. பட்டாளத்தில் வர்ணத்துக்கு எங்கே போவாய்? கோப்பையில் மிஞ்சிய தேயிலைச் சாயத்தில்தான் காட்டையும் ஆற்றையும் தீட்டினாய். நீ வரைந்த ஆற்றில் நிஜக் கொசு முட்டையிட்டது. நீ வரைந்த பாலத்தை நம்பி ஜப்பான் விமானங்கள் தங்கள் குண்டையெல்லாம் அதன்மேல் கொட்டித் தீர்த்தன.

ஆனால் எதிரித் தளபதிக்கு நீ போட்ட முகம் நம் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பெரிய கங்காணியுடையது. முண்டாசு, கோட்டு, மீசை எல்லாம் அப்படியே! சுதந்திரம் வந்த புதிதில் அந்த டயரியை நம் லயத்தில் வீடு வீடாகக் காட்டினாய். அதன்பிறகு கங்காணியின் தலை தெரிந்தாலே பிள்ளைகள், "ஜப்பான் வருதுடோய்!" என்று வடிகானுக்குள் குதித்தார்கள்.

ஒருநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற சனத்தின் முன்னால், அவர் உன்னை மறித்தார். அவர் போட்ட சத்தத்தில் மகாவலி சற்று நேரம் பின்னோக்கி ஓடியது.

"நான் எப்படா சண்டைக்குப் போனேன்?"

"குண்டு போட்டவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்லீங்க, கங்காணி ஐயா. பயந்தா எனக்கு ஒங்க மூஞ்சிதான் வரும். சின்னதுலேருந்து வேற பழக்கமில்ல."

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தாளக் கிழி. இல்லாட்டி தொரைகிட்ட சொல்லிப் பத்துச்சீட்டு வாங்கிக் குடுத்துருவேன். வேலையுமில்ல, லயமுமில்ல."

உன் மனைவி கூடையை இறக்கி வைத்தாள்.

"என்னங்க முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? சட்டி பானையக் கட்டவா?"

நீ டயரியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய்.

"பத்துச்சீட்டக் குடுங்க. படம் இருக்கட்டும்."

பிறகு கண்டிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தாய். நீ தீட்டிய மாம்பழத்தைக் கொத்தி அலகுடைந்த காகங்களுக்கு ஆஸ்பத்திரியே கட்டவேண்டி வந்தது.

என்னிடம் கிழிப்பதற்குப் படம் எதுவும் இல்லை, மச்சான். ஆனாலும் எவனாவது என்னை மிரட்டினால், "படம் இருக்கட்டும்" என்றுதான் சொல்கிறேன். அவன் குழம்பிப்போய் நிற்கிறான்.

கொசு, விமானம், காகம் எல்லாம் என் கைச்சரக்கு. பெரட்டுக்களத்தில் நீ தலை குனியாமல் சொன்ன பதில் மட்டும் உண்மையாகவே நடந்தது.