புலி போட்ட அரை ரூபாய்

மாங்காய் ஊறுகாய் போடலாம் என்று இன்று பரணிலிருந்து பெரிய ஜாடியை இறக்கினேன். காலி ஜாடி அவ்வளவு கனக்காது. உள்ளே கைவிட்டால் உங்கள் பழைய காக்கிச் சட்டையைக் கிழித்துக் கட்டிய மூட்டை. அவிழ்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. வியர்வையும் உலோகமும் கலந்த உங்கள் கண்டக்டர் பையின் வாசனை. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இதோடு ஏழு மூட்டை எடுத்துவிட்டேன். ஊறுகாய் ஜாடியைக்கூட விட்டுவைக்கவில்லையா நீங்கள்?

ஆரம்பத்தில் நீங்கள் காசு சேர்ப்பது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நயா பைசா வந்த புதிது. ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நாள் முழுக்கப் போய்வரும் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தீர்கள். பழைய காசு கண்ணில் பட்டால் உங்கள் சொந்தக் காசைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வீர்கள். ஓட்டைக் காலணா ஒன்று, நெளிந்த ஓரம் வைத்த ஓரணா ஒன்று, சதுர அரையணா ஒன்று. வகைக்கு ஒன்றுதான். காலண்டர் அட்டையில் பள்ளம் வெட்டிப் பதித்து, ஞாயிற்றுக்கிழமை யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவீர்கள். எனக்குத் தாலி கட்டினீர்களா இந்த அட்டைக்குக் கட்டினீர்களா என்று கேலி செய்வேன். நீங்களும் சிரிப்பீர்கள்.

பிறகு அந்த அரை ரூபாய் வந்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் புலி. அட்டையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டேன்.

"ஒத்தையா இருக்குல்ல, துணைக்கு இருக்கட்டும்" என்றீர்கள்.

துணைக்கு வந்தது பத்தாயிற்று, நூறாயிற்று. அட்டை மூலைக்குப் போய் பிஸ்கட் டின் வந்தது. டின்னுக்குப் பிறகு மூட்டை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்குக் காபி மட்டும்தான். கட்டிலுக்கு அடியில் பெருக்கக்கூட என்னை விடவில்லை. எல்லோருக்கும் காட்டுவதற்காகச் சேர்த்த மனிதர், யார் கண்ணிலும் படக்கூடாது என்று சேர்க்க ஆரம்பித்தீர்கள். ஊரெல்லாம் சில்லறைத் தட்டுப்பாடு அப்போது. பாக்கி கேட்டு உங்கள் பஸ்ஸில் தினமும் சண்டை. சில்லறை இல்லையென்றால் இறங்குங்கள் என்று நீங்கள் கத்துவதை நானே ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதைப்பற்றிப் பேசவில்லை.

மருதாயியின் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் நாம் இருவரும் வாயில் எடுக்காத விஷயம். கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவள், என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். அந்தச் சித்திரை வெயிலில், மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்க, யாரிடமோ கைமாற்றாக வாங்கிய ஐந்து ரூபாய் நோட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக உங்கள் பஸ்ஸில் ஏறினாள். சில்லறை கேட்டீர்கள். அவளிடம் இல்லை. சும்மாவே ஏற்றிப்போயிருக்கலாம். செக்கிங் ஆள் பஸ்ஸில் இருந்தார் என்று மறுநாள் சொன்னீர்கள். பாலத்துக்கு முன்னால் மாம்பழச் சாலையில் அவளை இறக்கிவிட்டீர்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காவிரிப் பாலம் முழுவதும் நடந்திருக்கிறாள். அக்கரையை எட்டும்போது குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெறும் உடம்பைத்தான் கொண்டுபோனாள். பஸ்ஸில் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தீர்கள். ஒரே நாளில் பதினோரு புலி கிடைத்தது என்றீர்கள். மறுநாள் தெருக்குழாயடியில்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து கேட்டேன்.

"அவ ஏறுனப்ப அந்தக் காசு உங்ககிட்ட இருந்துச்சாங்க?"

நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். பித்தான் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"இருந்துச்சு. குடுத்துட்டா திரும்பக் கெடைக்காதுடி."

நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளியில் தெரிந்தால் உங்கள் வேலை போகும், நம் அடுப்பு அணைந்துவிடும் என்று பயந்தேன். உங்களுக்குச் சோறு போட்டேன். நீங்களும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனீர்கள். அதற்காக உங்கள்மேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல் எனக்குக் கோபம் அதிகம்.

அதற்குப் பிறகாவது நிறுத்துவீர்கள் என்று பார்த்தேன். இரண்டு மடங்காகச் சேர்த்தீர்கள். ஆனால் ஒன்றைக்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. கட்டுவதும் ஒளிப்பதும்தான். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துக் கிடந்த கடைசி மாதத்திலும் என் கை பரண் பக்கம் போனால் உங்கள் கண் கூடவே வந்தது. என்னை நம்பாமலே போனீர்கள்.

துக்கம் கேட்க மருதாயியும் வந்தாள். வாசலிலேயே நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நேராக உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல மனுசங்கக்கா. எம்மேல அவருக்கு என்ன பகையா? அன்னைக்குச் சில்லறை இருந்திருந்தா குடுக்காமயா இருந்திருப்பாரு?" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

உங்கள் ஏழு மூட்டையையும் பாங்கில் கொடுத்தால் நல்ல நோட்டாகவே தருவார்களாம். அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கத்தான் ஆசை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். சொல்ல வேண்டும். சொல்லத் துணிச்சல் வரவில்லை. மூட்டை பரணிலேயே கிடக்கட்டும், ஆனால் அன்றைக்கு நான் தலையாட்டியதை எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவளை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் அவள்தான் முதலில் சிரித்தாள். நேற்று உங்கள் படத்துக்கென்று இரண்டு முழம் பூ அளந்து கொடுத்து, காசு வேண்டாம் என்றுவிட்டாள். வாங்கிக்கொண்டு வந்து உங்கள் படத்துக்குப் போட்டிருக்கிறேன்.