உன் கல்லறைப் புல்லை நாய்களுக்கு விரித்தேன்

என் செல்ல எஸ்தர் அக்காவுக்கு, நீ உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் உன்னை இப்படிக் கூப்பிடாத ரூத் எழுதுவது.

சாமுவேல் அண்ணன் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்து உன் கல்லறைமேல் விரித்தானே பிளாஸ்டிக் புல், அது இப்போது அங்கே இல்லை. நான்தான் எடுத்தேன். நம் வீட்டு முற்றத்தில் நாய்களுக்குப் போட்டிருக்கிறேன். சபையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் இதைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். உன் காதுக்கு அரைகுறையாக வந்து சேர்வதற்குள் முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். புல்லுக்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது.

நாய்களுக்கும் எனக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியாததா? நீ ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் வழியில் கிடந்த குட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பாய். நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற புடவையில் மண்காலை வைக்காத நாய் நம் வீட்டில் இருந்ததில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், “இந்த வூட்ல நான் இருக்கணும், இல்லன்னா இதுங்க இருக்கணும்” என்று கத்தினேன். நீ அரிசி களைந்துகொண்டே, “அதுங்க துன்னா தட்டையும் நக்கி சுத்தம் பண்ணி வெக்குதுங்க. நீ துன்ன தட்ட நான் கழுவிக்கினு இருக்கேன். யார வெச்சிக்கிறது, நீயே சொல்லு” என்றாய்.

சரி, அந்த விஷயத்துக்கு வருகிறேன். உன்னை அடக்கம் பண்ணின நாலாம் நாள், நான் கேட்டைத் திறந்து நாலு நாய்களையும் விரட்டினேன். உன் கட்டிலுக்கடியில் போய் மோந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தன. ஒரு நாளைக்கு எத்தனை தடவை! நீ எங்கே என்று என்னைக் கேட்பது மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. துடைப்பத்தை எடுத்து அடித்தே துரத்தினேன்.

மூன்று நாய்கள் தெருமுனையிலேயே உட்கார்ந்துகொண்டன. ஜிம்மி மட்டும் புத்தலப்பட்டு ரோட்டுப் பக்கம் போனான். சாயங்காலம் அவன் வீட்டுக்குத் திரும்பி வரும்போது திருப்பதி லாரி ஒன்று அடித்துவிட்டுப் போயிற்று. அடித்துத் துரத்தினவளிடமே திரும்பி வந்துகொண்டிருந்தான், அக்கா. இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை, போதகர் ஐயாவிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நீ இதைக் கேட்டு என்ன செய்வாய்? திட்டுவாயா, இரண்டு நாள் பேசாமல் இருப்பாயா?

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து பார்த்தார். “இங்க ராது, அம்மா” என்று தெலுங்கில் ஆரம்பித்து, அதையே தமிழில் சொன்னார். “பின்னங்கால் ரெண்டும் இனிமே வராது. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா இழுத்துக்கினு போவுதே, தோலு கிழிஞ்சி புண்ணாவும். புண்ணுல புழு வெச்சா அப்புறம் ஊசி போட்டு அனுப்ப வேண்டியதுதான். கீழ மெத்துனு ஏதாச்சும் போடுங்க டீச்சர்.”

நம் முற்றம் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? வெறும் சரளை. கோணிப்பை போட்டேன், மூத்திரம் ஊறி நாறியது. வைக்கோல் போட்டேன், தும்பெல்லாம் புண்ணில் ஒட்டிக்கொண்டது. அருகம்புல் பதியம் போட்டேன், அவனோடு திரும்ப வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட மற்ற மூன்று கழுதைகளும் ஒரே வாரத்தில் தோண்டிப் போட்டுவிட்டன. போதாததற்குக் கிணற்றுத் தண்ணீரும் அடியில் போய்விட்டது. வேப்பெண்ணெயும் பஞ்சுமாக ஜிம்மியின் பக்கத்தில் உட்கார்ந்தே நான் ஒரு வருஷத்தை ஓட்டினேன். இடுப்பெலும்பு இருக்கிற இடம் ஆறும், மறுபடியும் கிழியும்.

அப்போதுதான் உன் வருஷ நினைவு ஜெபத்துக்கு அண்ணன் வந்தான். அவன் வேலை பார்க்கும் கம்பெனி பொருட்காட்சிக்குக் கடை ஜோடித்துக் கொடுக்கிறது அல்லவா, அங்கே மிஞ்சின வெளிநாட்டுப் புல்லாம். பாய் மாதிரி சுருட்டி லாரியில் போட்டு அனுப்பியிருந்தான். உன் கல்லறையை மூடி, சுற்றிலும் இரண்டு முழம் விரித்தான். ஜெபத்துக்கு வந்தவர்கள் உன்னை மறந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். “சித்தூர்லயே இப்படி ஒரு கல்லறை கெடையாது” என்றார்கள். அண்ணன் முகத்தில் எத்தனை பெருமை!

அடுத்த வாரம் பூ வைக்கத் தனியாகப் போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. உன் பக்கத்துக் கல்லறையெல்லாம் சேறு. இந்தப் புல்லை உள்ளங்கையால் அழுத்தினேன். மேலே சொட்டு ஈரமில்லை, மெத்தென்று இருந்தது. உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உடனே சுருட்ட ஆரம்பித்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில் பிள்ளை மணிக்கட்டில் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். “இன்னா டீச்சர், தொவைக்க எடுத்துக்கினு போறீங்களா?”

“இல்ல. நாய்க்கு.”

பாவம், அந்த மனுஷர் கேட்டைத் திறந்துவிட்டார். ஆனால் நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி காட்பாடி வரைக்கும் போயிருக்கும்.

புல் போடுவது லேசான வேலை என்று நினைக்காதே. முதலில் வெயில் படுகிற பக்கம் விரித்துத் தொலைத்தேன். பதினோரு மணிக்கே தோசைக்கல் மாதிரி காய்ந்து, ஜிம்மி அலறிவிட்டான். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் வேப்பமரத்து நிழலுக்கு வந்தேன். சரளையைப் பொறுக்கி எறிந்து, ஆற்று மணலை நாலு விரல் கனத்துக்குக் கொட்டி, தண்ணீர் ஓட வாட்டம் பார்த்தேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் புல்லின் அடியில் ஓட்டை போட்டேன், மூத்திரம் தேங்காமல் இறங்க. ஓரத்தில் அடிக்க ஆணி கிடைக்கவில்லை, உன் குடையைப் பிரித்துக் கம்பியை வளைத்து அடித்தேன். அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள். மறுநாளே அந்த மூன்றில் ஒன்றான மோத்தி வயிறு சரியில்லை என்று புல்லைக் கடித்து மென்று, பச்சை நாராக வாந்தி எடுத்தது. இப்போது அதற்கென்று ஒரு மண்சட்டியில் நிஜ அருகம்புல் வளர்க்கிறேன்.

ஜிம்மி முதல் நாள் விளிம்பில் மோந்து பார்த்தான். முன்னங்காலை வைத்தான். பிறகு ஒரே இழுப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், திரும்பி என்னைப் பார்த்தான். ரத்தக்கோடு விழவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

போதகர் ஐயா கூப்பிட்டு, “சபை முன்னால ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிடுங்க டீச்சர், முடிஞ்சி போவும்” என்றார். “ஒருதரம் வீட்டுக்கு வந்து நாய பாருங்கய்யா. அப்புறமும் சொல்லச் சொன்னீங்கன்னா சொல்றேன்” என்றேன். இன்னும் வரவில்லை.

அண்ணன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அக்காவுக்குப் போட்டத நாய்க்குப் போட்டுட்டியே, உனுக்கு மனசாட்சி இருக்குதா?”

“அக்கா படுத்துக்கினு இருக்கிற எடத்துல அவளுக்குக் கல்லு குத்துதாண்ணா? இவனுக்குக் குத்துது.”

குனிந்து ஒரு கம்பியைப் பிடுங்கினான். இரண்டாவதைப் பிடுங்கினான். மூன்றாவது கம்பிக்குப் பக்கத்தில் ஜிம்மி படுத்திருந்தான். “தூக்கு அத” என்றான்.

“நீயே தூக்கு. தூக்கிச் சரளையில போடு. நான் தடுக்க மாட்டேன்.”

அண்ணன் இரண்டு கையையும் ஜிம்மியின் வயிற்றுக்கடியில் கொடுத்தான். ஆறின தழும்பு அவன் கையில் பட்டிருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அவளோட கடைசி வாரத்துல வர்றேன்னு சொல்லியனுப்புனேன், வரல ரூத்து. லீவு கேக்கவே இல்ல. அவளுக்கு நான் செஞ்சது இந்தப் புல்லு ஒண்ணுதான்” என்று தேம்பினான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். நம் மூன்று பேரில் யார் யாருக்குச் சரியாகச் செய்தோம், சொல்? ஆனாலும், “ஒரு முழமாச்சும் வெட்டிக் குடு, தலைமாட்டுல போட்டுட்டுப் போறேன்” என்று அவன் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. ஒரு முழம் குறைந்தால் ஜிம்மி தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போது சரளையில் இறங்க வேண்டும். அண்ணன் பிடுங்கின இரண்டு கம்பியையும் அவனே திரும்ப அடித்துவிட்டு பஸ் ஏறினான்.

அக்கா, இது என் வாக்கு. ஜிம்மிக்கு மூச்சு இருக்கிறவரை இந்தப் புல் இங்கேதான் கிடக்கும். போதகர் கேட்டாலும், அண்ணன் கேட்டாலும், நீயே எழுந்து வந்து கேட்டாலும் தரமாட்டேன். நாயை விரட்டினதுக்கு நீ என்னை என்ன செய்தாலும் தகும். புல்லை எடுத்ததுக்குக் கோபம் இருந்தால் வைத்துக்கொள், நான் அங்கே வந்ததும் நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை உனக்கு அடங்காத,
உன் கூடப்பிறந்த தங்கை,
ரூத்