செவிட்டுப் பூனை

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

பூனை குறுக்கே போனாலே வீடு திரும்புகிறவர் நீங்கள், திட்டாதீர்கள். விலங்குக் காப்பகத்திலிருந்து வளர்ந்த பூனை ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். பரம சாது. யார் கூப்பிட்டும் திரும்பாததால் செவிடு என்றார்கள். நான் குனிந்து, "என்னடி, கோவமா?" என்றதும் ஓடிவந்து கையில் முட்டியது. அதற்குத் தமிழ்தான் தெரியும், அப்பா! இந்த ஊர் பாஷை வராததால், வேலை செய்யும் சலவைக்கூடத்தில் என்னையும் ஊமை என்றுதான் நினைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், அதுவும் கேட்கட்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பூனையை முன்பு வளர்த்தவர் என்னைப் போலத் தனியாள். அவர் இறந்ததே, இது கதவருகே விடாமல் கத்தியதால்தான் வெளியே தெரிந்ததாம். இனி எனக்கும் கத்த ஓர் ஆள் உண்டு, கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகள்