உறையாத தேங்காயெண்ணெய்

கொழிஞ்சாம்பாறை
3.2.2026

அன்புள்ள அப்பாவுக்குப் பூமாரி எழுதுவது. நானும் அம்மாவும் நலம்.

நாலாம் வகுப்பில் எல்லோரும் ஒரு அறிவியல் கேள்வி கொண்டுவரணுமாம், சாந்தம்மாள் டீச்சர் சொன்னாங்க. தேவிகுளத்தில் மூடுபனி எப்படி வருகிறது? எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கு. உங்க கடிதத்தை அம்மா சித்தூர் காலேஜ் வேலை முடிந்து வந்து, கைப்பையிலிருந்து எடுத்துத் தர்றாங்க. உறையில் தபால் முத்திரையே இல்லை. ஏனுங்கப்பா?

உங்கள் மகள்
பூமாரி

தேவிகுளம்
6.2.2026

என் அம்மிணிக்கு,

குளிர்ந்த தண்ணீர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்குமே, அது காற்றிலிருக்கும் ஈரம்தான். ராத்திரி காற்று குளிரும்போது அந்த ஈரம் பொடிப்பொடித் துளியாகி மிதக்கும். அதுதான் மூடுபனி. தரைக்கு இறங்கி வந்த மேகம் என்று டீச்சரிடம் சொல்லு. அந்தப் பனியில் நனைந்துதான் முத்திரை அழிந்திருக்கும்.

எஸ்டேட்டில் பம்பு ரிப்பேர் முடிய இன்னும் நாளாகும். காலையில் நம் வீட்டுச் செக்குத் தேங்காயெண்ணெயைப் பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் ஊற்றித் தலைக்குத் தேய்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான்.

அப்பா

கொழிஞ்சாம்பாறை
10.2.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் ஸ்டாம்பும் இல்லை. மூடுபனி ஸ்டாம்பையுமா தின்னும்?

தேங்காயெண்ணெய் இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்று டீச்சர் சொன்னாங்க. நம் செக்கெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். நெய் மாதிரி ஆயிடுச்சு. தேவிகுளத்தில் காலையில் பத்து டிகிரியாம். உங்களுக்கு மட்டும் எப்படி ஊற்ற வந்தது? அம்மாவிடம் கேட்டால், "சும்மா நோண்டாத அம்மிணி" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கிறாங்க.

பூமாரி

தேவிகுளம்
13.2.2026

கண்ணு,

அது வேறொன்றுமில்லை. மலை உயரமான இடம் அல்லவா? இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் எண்ணெய் உறையாது. சந்தேகப்படாமல் படிக்கிற வேலையைப் பாரு, சாமி.

அப்பா

கொழிஞ்சாம்பாறை
16.2.2026

அப்பாவுக்கு,

என் வகுப்பு டின்சியின் பெரியம்மா தேவிகுளத்தில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்காங்க. டின்சி ஃபோன் போட்டுக் கொடுத்தாள். அங்கே ரேஞ்ச் இல்லை என்று சொன்னீங்க, முதல் மணியிலேயே எடுத்தாங்க. "எண்ணெய் பாறையாட்டம் கெடக்கும்ளா, அடுப்புகிட்ட வச்சு உருக்கித்தான் தேய்க்கோம்" என்றாங்க.

வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லுங்க. அறிவியலில் சொல்லாதீங்க. இதுவரை நீங்க சொல்லித்தந்த இடி, மின்னல், கிரகணம் எல்லாம் நிஜமா என்று இப்போது எனக்குத் தெரியலை. இனிமேல் கேள்வி அனுப்ப மாட்டேன்.

பூமாரி

சித்தூர்
18.2.2026

அம்மிணி,

எண்ணெய் இருபத்துநாலு டிகிரியில் உறையும். மலையிலும் உறையும். நீ சொன்னதுதான் சரி. நான் தேவிகுளத்துக்குப் போகவே இல்லை. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மோட்டார் பட்டறை மாடியில் இருக்கிறேன்.

கோயில் நோம்பித் திருவிழாவில் உன் அப்புச்சியை நாலு பேர் முன்னால் மரியாதையில்லாமல் பேசிவிட்டேன். "எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேக்காம ஊட்டுப்படி ஏறாதீங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு வீம்பு. உனக்குப் பரீட்சை முடியும்வரை தெரிய வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் தேவிகுளத்தைச் சொன்னோம். நேற்று அப்புச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வாசலில் நிற்பேன்.

இடியும் மின்னலும் கிரகணமும் நிஜம்தான் கண்ணு. இதைத் தபாலிலேயே போடுகிறேன்.

அப்பா

கொழிஞ்சாம்பாறை
20.2.2026

அப்பாவுக்கு,

முத்திரையை டார்ச் அடித்துப் பார்த்தேன். சித்தூர்தான். அப்புச்சிக்கும் ஃபோன் செய்தேன், நீங்க வந்தது உண்மைதானாம்.

அம்மா உங்க கடிதத்தை இரண்டு தடவை படித்தாங்க. அப்புறம் குளியலறை அலமாரியில், உங்க எண்ணெய் பாட்டில் இருந்த இடத்தில் வைத்திருந்த சோப்பு டப்பாவை எடுத்து வேறிடத்தில் வைத்தாங்க.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்தப் பாட்டிலைக் கொண்டு வாங்க. திருப்பி எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

உங்கள் மகள்
பூமாரி