தைப்பூசத்துக்குப் பின் ஏறிய ஆறு

இன்று காலை காரின் பின்பக்கத்தைத் திறந்ததும் ஆற்றுச் சேற்றின் வாடை முகத்தில் அடித்தது. நேற்று கழுவாமல் விட்ட பூட்ஸ். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே குழாயடிக்கு எடுத்துப் போயிருப்பாய். நான் கழுவ மனமின்றி நின்றேன்.

நீ குளுவாங் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆறுகளின் நீர்மட்டத்தைப் பதிந்தவன். ஓய்வு பெற்ற பிறகு சிம்பாங் ரெங்கத்துக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அந்தக் கரைக்கு என்னை இழுத்துப்போனவள் நீதான். புத்தாட் மரத்தின் கொழுந்தை, சோற்றோடு பச்சையாகத் தின்னும் உலாமுக்காகச் சந்தையில் வாங்கியிருக்கிறேன். மரத்தைப் பார்த்தது அன்றுதான். தண்ணீரின் மேல் சாய்ந்து, இளஞ்சிவப்புப் பூக்களை உதிர்த்துக்கொண்டிருந்தது.

"பெரிசெல்லாம் இருக்கு. சின்னக் கன்னு ஒண்ணுகூட இல்ல, பாத்தீங்களா?" என்றாய். நான் பார்த்திருக்கவில்லை.

ஆண்டுக் கடைசி மழையில் ஆறு பெருகும், தைப்பூசம் கழிந்தால் மெல்ல இறங்கும், மிதந்து வந்த காய்கள் அந்த ஈரச்சேற்றில் ஒதுங்கி, ஆறு மறுபடி ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும் என்று விளக்கினாய். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசம் முடிந்த சனிக்கிழமைகளில், நீர் இறங்கிய விளிம்பில் நான் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றுவேன். அதற்குச் சற்று மேலே, நீ பையில் வளர்த்த கன்றை வைப்பாய். குச்சி நேராக நிற்கிறதா என்று நான் தள்ளி நின்று பார்ப்பேன்.

"ஆத்துக்கே கோடு போடுறீங்களே லா" என்று சிரிப்பாய்.

ஆறு அந்தக் கோட்டுக்குள் நிற்கவில்லை. வெயில் காய வேண்டிய மாதத்தில் பெருமழை வந்து கன்றுகளை அள்ளிப்போனது. இன்னோர் ஆண்டு மழையே மெலிந்து, சேறு வெடித்து, காய்கள் கரையிலேயே சுருங்கின. சில ஆண்டுகளை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்றேன். நான் பழகிய வேலை அப்படி.

"வானிலை மாறிப்போச்சுங்க. நீங்க நிச்சயம் பண்ற வரைக்கும் கன்னு காத்திருக்குமா?" என்று கேட்டாய். நான் சாய்ந்த குச்சியை நிமிர்த்தினேன்.

நீ படுத்தபின், மருத்துவமனையில் உன் நோயைப் பற்றிப் பேசவிடமாட்டாய். ஆற்றைப் பற்றித்தான் விசாரிப்பாய். ஸ்கூடாயிலிருந்து வந்த மகள், முதலில் கஞ்சியைக் குடிக்கும்படியும் ஆறு எங்கேயும் ஓடிவிடாது என்றும் கெஞ்சினாள். ஓடுவதுதான் அதன் வேலை என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தாய். பிறகு என் கையைப் பிடித்து, "ஒரு கன்னு வேர் பிடிச்சா போதுங்க" என்றாய்.

நீ விட்டுப்போன கன்றுகளை இந்த ஆண்டு நான் தனியாக நட்டேன். ஆறு ஒழுங்காக இறங்கியது. கன்றுகள் புதுத் துளிர் விட்டன. எதையும் எளிதில் நம்பாத நான் நம்பிவிட்டேன். உன் படத்தின் முன் நின்று சொல்லவும் செய்தேன். போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. நேற்றுப் போனபோது குச்சியும் இல்லை, கன்றும் இல்லை. அவை நின்ற கரையே இடிந்து போயிருந்தது.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "போதும்பா. வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள். சரி என்றேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. எதுவும் மாறாதது போலப் பெரிய மரங்கள் பூத்திருந்தன. இனி காய்க்கும், காய்கள் விழும், ஒதுங்க இடமிருக்காது. இத்தனை காலம் நிச்சயமில்லை என்றே சொல்லிவந்த எனக்கு, வானிலை மாறிவிட்டது என்பதில் நேற்று எந்தச் சந்தேகமும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் நீ இல்லை. வெகுநேரம் மரத்தடியில் நின்றேன். தோளில் ஒரு பூ உதிர்ந்தது. அதைத் தட்டிவிடாமல், மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.