கோமகனின் கற்பாதத்தில் எண்ணெய் வைத்தது நான்

அனுப்புநர்:
வி. கதிர்காமநாதன்,
ஓய்வுபெற்ற துப்புரவுப் பணியாளர்,
ஹனோவர்.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
பிராகன்வேர்த் கோட்டை அருங்காட்சியகம்.

பொருள்: செல்வி அன்ரனிற்றாவின் பணிநீக்கம் (2018) தவறானது என்பது பற்றி.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு எழுபத்தொரு வயது. சென்ற மாரியில்தான் தமிழ் எழுதப் படித்தேன். நானே எழுதும் முதல் கடிதம் இது. ஆறு நாட்களாக எழுதுகிறேன். திருத்த வந்த மகள் சுபானியைத் தள்ளியிருக்கச் சொன்னேன். இணைத்துள்ள ஜெர்மன் மொழிபெயர்ப்பு மட்டும் அவளுடையது. எழுதுவது சந்தோஷமாக இருக்கிறது. எழுத வேண்டிய விடயம் அப்படியல்ல.

2. தங்கள் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தேன். கீழ் மண்டபத்துக் கல்லறைமேல் கோமகன் ஏக்பேர்ட் கல்லுருவாகப் படுத்திருக்கிறார். கையில் ஒரு சிறிய தேவாலயத்தை ஏந்தியிருக்கிறார். கோயிலை ஏந்தியிருப்பவர் அடியாராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் உள்ள விவரப் பலகையை வாசிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் வேலை தொடங்குமுன் அவர் பாதத்தில் நல்லெண்ணெய் தொட்டுவைத்துக் கும்பிடுவேன். மனைவியின் சத்திரசிகிச்சையை முதலில் அவரிடம்தான் சொன்னேன். பாதம் கறுத்து வந்தபோது, என்னை ஏற்றுக்கொண்டார் என்று மகிழ்ந்தேன்.

3. என்னோடு வேலை செய்த அன்ரனிற்றா இதைக் கண்டிருக்கிறார். "ஆரெண்டு தெரியாமலே கும்பிடுறியள் அண்ணை. உவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆள், எண்ணெய் கேக்கமாட்டார்" என்று சிரித்தார். அந்த மண்டபம் அவருடைய பொறுப்பு. 2018 ஆவணியில் அவர் வேலையை விட்டுப் போனார். கேட்டதற்கு, "சரிவரேல்லை அண்ணை" என்றார். இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

4. எழுத்துப் பழகியதும் முதலில் கோமகனைப் பற்றியே வாசிக்க விரும்பினேன். மகள் பலகையில் உள்ளதைத் தமிழில் எழுதித் தந்தாள். பதினைந்து வயதில் பட்டத்துக்கு வந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்டார். ஆற்றுக்குப் பாலமும் ஊருக்குச் சந்தையும் தந்தார். மடத்தின் தானியக் களஞ்சியத்தை எரிப்பித்ததும் அவரே. பழியைத் தன் காரியக்காரர்மேல் போட்டு, அவரை நாடு கடத்தினார். கடைசிக் காலத்தில் மனம் வருந்தி அந்தத் தேவாலயத்தைக் கட்டினார். காரியக்காரர் இறந்து அப்போது எட்டு ஆண்டுகள்.

5. அதன்பின் நான் விளங்காமல் கையெழுத்திட்ட கடதாசிகளையெல்லாம் எடுத்து, மகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாசித்தேன். கல்லில் எண்ணெய் ஊறியது பற்றிய 2018 விசாரணைக் கடதாசி ஒன்றில், கல்லறையை நான் ஒருபோதும் தொட்டதில்லை என்றும், அங்கே வேலை செய்தவர் அன்ரனிற்றா மட்டுமே என்றும் இருந்தது. வழக்கமான கடதாசி என்று நினைத்து, மகள் பழக்கித் தந்த கையொப்பத்தைப் போட்டிருக்கிறேன். அந்தக் குற்றத்துக்காகவே அவர் நீக்கப்பட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. என்னை எவரும் கேள்வி கேட்டதில்லை; விசாரணையில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

6. அன்ரனிற்றா இன்று டோர்ட்மண்டில் உயிரோடு இருக்கிறார். போன கிழமை தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "இப்ப ஏன் அண்ணை" என்றார். அடுத்த நாள் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

ஆகவே, அவர் குற்றமற்றவர் என்று தங்கள் அலுவலகம் அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கல்லுக்கு நேர்ந்த சேதத்துக்கு என்னையே விசாரிக்க வேண்டும். அந்தக் கோப்பில் அவர் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அனுமதித்தால் நானே வந்து எழுதுகிறேன். இப்போது எனக்கு எழுத வரும்.

இடம்: ஹனோவர்
திகதி: 14.03.2025

இதில் உள்ளதை வாசித்து விளங்கியே ஒப்பமிடும்,
வி. கதிர்காமநாதன்