ஸ்வேட் என்ற சொல்லும் உன் பெயரும்

என் செபஸ்தி மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருடம். இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன் மகன் மேல், மீதி உன் மேல்.

போன கிழமை கல்கிசை டீச்சர் நம் சப்பாத்துக் கடைக்கு வந்தார். தன் மகனின் கல்யாணச் சப்பாத்தை உன் கையால் வாங்கிப் போனவர். இந்த முறை மருமகனுக்கு வாங்கிய ஜோடியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்பக்கம் தேய்ந்து, மென்தோல் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வலைத்துணி பல்லிளித்தது. பெட்டியில் ‘அசல் ஸ்வேட்’ என்று ஒட்டியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. “செபஸ்தி அண்ணாட பேர் இருக்கிற கடை எண்டுதான் வாங்கினனான்” என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சரக்கை எடுத்தது உன் ரொஷான், நான் முழங்கால் ஒப்பரேஷன் செய்து வீட்டில் கிடந்தபோது. கேட்டேன். போனிலிருந்து தலை நிமிர்த்தாமல் பதில் சொன்னான்.

“அங்கிள், ஸ்வேட் எண்டா ஸ்வீடனுக்குப் பிரெஞ்சில சொல்ற பேர். அப்பாவே ஆயிரம் தரம் சொன்னவர். அதில தோல் எண்டு எங்க கிடக்கு?”

உன் கதையாலேயே என்னை அடித்தான், மச்சான்.

எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பாய்! பிரான்சுச் சீமாட்டிகள் ஸ்வீடனிலிருந்து வந்த மென்தோல் கையுறைக்கு ஆசைப்பட்டார்கள். ‘ஸ்வீடன் கையுறை’ என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கையுறை உதிர்ந்து நாட்டின் பெயர் மட்டும் அந்தத் தோலுக்குப் பெயராக நின்றுவிட்டது என்று. சொல்லிக்கொண்டே சப்பாத்தின் மேல் விரலால் வாங்க வந்தவரின் முதலெழுத்தை எழுதுவாய். தோலின் பூம்பஞ்சு சாய்ந்து எழுத்து கருமையாய்த் தெரியும். உள்ளங்கையால் தடவி அழிப்பாய். “இது தோலின்ட உட்பக்கம். மழைக்குப் போட்டிட்டு என்னட்ட வராதீங்க” என்பாய். வந்த வியாபாரத்தில் பாதியை அப்படித்தான் கலைத்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ரொஷானுக்கான பதில் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அந்தச் சொல்லில் தோல் ஏன் இல்லை? கேட்டவளுக்கும் விற்றவனுக்கும் அது தோல்தான் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. சொல்லத் தேவைப்படாத அளவுக்கு நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தானே இவன் பெட்டியில் ஒட்டி விற்றிருக்கிறான்?

மகனுக்குக் கதையைக் கொடுத்தாய். ஒரு துண்டுத் தோலையாவது கையில் கொடுத்தாயா? கடை நாற்றம் அவனில் ஒட்டக்கூடாது என்று கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினாய். இப்போது யார் பதில் சொல்வது?

நேற்றுக் காலை வாசலில் ஏணியைச் சாத்தினேன். ஒன்று பெட்டிகளில் ஒட்டியதைக் கிழி, இல்லையென்றால் கடைப் பலகையிலிருந்து உன் அப்பாவின் பெயரை இறக்குகிறேன் என்று ரொஷானிடம் சொன்னேன். இந்தக் காலோடு நான் ஏறமாட்டேன் என்று நினைத்திருப்பான்.

“முழங்கால் கவனம், அங்கிள்” என்று சிரித்தான்.

ஏறினேன். உன் பெயர்த் தகட்டில் கடற்காற்றில் துருவேறிய நாலு ஆணி. கழற்ற அரை மணித்தியாலம். கீழே பார்த்தேன், சிரிப்பு நின்றிருந்தது. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இன்று கடை திறந்தபோது பாதிப் பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டைக் காணவில்லை. பாதிதான்.

உன் பெயர் என் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. மீதியும் கிழியும்வரை அது கடைக்கு வராது. கிழியும் அன்று, கால் இருந்தாலும் போனாலும், நானே ஏறி மாட்டுவேன். ஏணியை அவன் பிடிக்கட்டும்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் கூட்டாளி
சிவம்
வெள்ளவத்தை